சிவந்தது என் கண். குனிந்தது அவர் தலை!

ஆலங்குடி பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. போன மார்கழியில் எனக்கு நாலு நாளாக விடாத இருமல். ஐந்தாம் நாள் காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். என் மகள் என்னைப் பார்த்ததும், "அம்மா, கண்ணுல ரத்தம்!" என்று அலறினாள்.

ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தேன். இடது கண்ணின் வெள்ளை விழியில் பாதி, குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல் இருந்தது. ஆனால் வலி இல்லை, பீளை இல்லை. காலண்டரில் பொடி எழுத்தில் இருந்த ராகுகாலம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"மெட்ராஸ் ஐ ஆத்தா, பிள்ளைகளைத் தொடாதே" என்றார் மாமியார். பக்கத்து வீட்டிலிருந்து, தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டால் போய்விடும் என்று யோசனை வந்தது. நல்லவேளை, என் கணவர் கேட்கவில்லை. புதுக்கோட்டைக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

பஸ்ஸில் எதிரே இருந்த பாட்டி என் கண்ணைப் பார்த்தார். அப்புறம் என் கணவரைப் பார்த்தார். "பாத்தா படிச்ச பிள்ளையாட்டம் இருக்க. இப்படியா அடிக்கிறது?" என்று கேட்டே விட்டார். பஸ்ஸே திரும்பியது. எங்கள் வீட்டில் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர் அவர்தான். இறங்கும்வரை நிமிரவே இல்லை.

கண் டாக்டரம்மாவும் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "யாரும் அடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வெள்ளை விழிக்கு மேல் மெல்லிய கண்ணாடித் தாள் போல ஒரு தோல் இருக்கிறதாம். அதிலுள்ள தலைமுடி போன்ற ரத்தக் குழாய் ஒன்று, பலமாக இருமினாலோ, தும்மினாலோ, வாந்தி எடுத்தாலோ, கண்ணைக் கசக்கினாலோகூட உடைந்துவிடும். ரத்தம் வெளியே வர வழியில்லாமல் அந்தத் தாளுக்கு அடியிலேயே பரவி நிற்கும். கையில் இடித்துக்கொண்டால் கன்றிப் போகுமே, அதே சமாசாரம்தான். இங்கே மறைக்கத் தோல் இல்லாததால் பார்க்கப் பயங்கரமாக இருக்கிறது. 'சப்கன்ஜங்டைவல் ஹெமரேஜ்' என்று பெயர் சொன்னார். (வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிட்டது. சீட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்!) மெட்ராஸ் ஐ போல ஒட்டாது. சொட்டு மருந்துகூட வேண்டாம், இரண்டு மூன்று வாரத்தில் தானாகக் கரைந்துவிடும் என்றார்.

பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது வரலாமாம். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் கூசுதல் இருந்தாலோ, கண்ணில் அடிபட்டிருந்தாலோ, அடிக்கடி வந்தாலோ உடனே காட்ட வேண்டும் என்றார். தாய்ப்பால் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அதில் கிருமி போனால் நல்ல கண்ணும் கெட்டுப் போகுமாம்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஊர் வாய்க்குத்தான் மருந்தில்லை. "இருமல்ல வந்துச்சு" என்று நான் சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் ஒரு மாதிரி சிரித்தார்கள். காதுகுத்து விசேஷத்துக்கு, "நீ மட்டும் போயிட்டு வாம்மா" என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அந்த வாரம் கீரைக்கார அக்கா வந்தார். கூடையை இறக்கியவர் என்னையே பார்த்தார். "இருமல்னா சொன்ன? நான் மாட்டுக் கொம்பு பட்டுச்சுன்னு சொல்லுவேன்" என்றார். முந்தானையை விலக்கினார். முழங்கைக்கு மேலே கன்றிக் கிடந்தது. ஐந்து வருஷமாகக் கீரை வாங்குகிறேன், ஒரு நாளும் எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா என்னிடம் தனியாகக் கேட்டதைச் சொன்னேன். 181 என்று பெண்களுக்கு ஒரு நம்பர் இருக்கிறது, காசில்லை, ராத்திரியிலும் பேசலாம் என்றும் சொன்னேன். "பாப்போம் தாயி" என்று கூடையைத் தூக்கிக்கொண்டார்.

என் கண் பன்னிரண்டாம் நாள் மஞ்சள் பூத்து, பதினாறாம் நாள் வெளுத்துவிட்டது. மறுபடி அக்கா வந்தபோது முகத்தை உற்றுப் பார்த்து, "உனக்கு நெசமாவே இருமல்தானா!" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் முளைக்கீரையைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "அந்த நம்பர எழுதிக் குடு" என்றார். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.