உங்களுக்குத் தெரியுமா? திகதியை மாற்றினால் ஆட்டமே மாறும்!

மொரோவிண்ட் (2002), ஒப்லிவியன் (2006) ஆகிய கணினி ஆட்டங்களில் எந்த மொட் (ஆட்டத்தை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்பு) முதலில் ஏற வேண்டும் என்பதை முடிவு செய்தது, அந்தக் கோப்பின் திகதி. பழையது முன்னே, புதியது பின்னே. வரிசை பிடிக்கவில்லையா? ஆட்டக்காரர்கள் கோப்பின் திகதியையே மாற்றிவிட்டார்கள்!

• ஒரே வாளை இரண்டு மொட்கள் மாற்றினால், கடைசியாக ஏறியதன் பேச்சுதான் எடுபடும்.

• ஸ்கைரிம் (2011) ஆட்டத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் 8 இலக்க எண் உண்டு. அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதை முதல் இரண்டு இலக்கங்கள் சொல்லும். ஆடுபவரின் எண் 00000014. முன்னால் நிற்கும் 00, எல்லாவற்றுக்கும் முன் ஏறும் மூலக் கோப்பு. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை என்பதால் இரண்டு இலக்கங்களில் கோப்புகளுக்கு 256 இடங்கள்தாம். ஒன்று ஆட்டத்தின் சொந்தத் தேவைக்குப் போய்விடும். மிச்சம் 255.

• 2017இல் ஸ்கைரிமுக்கு வந்த ‘இலகு’ மொட் கோப்புகளோ, ஒரே இடத்தில் 4,096 வரை நெருக்கி உட்காரும். நம்ம ஊர் பஸ் தோற்றது!

• புத்தளம் உப்பளப் பாத்திகளிலும் வரிசை உண்டு: ஜிப்சம் முதலில் படியும், சாப்பாட்டு உப்பு பிறகு. அங்கே அதை வெயில் பார்த்துக்கொள்கிறது. மொட்களை அடுக்க ‘லூட்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.