சோலார் விளக்குக்கு மரத் தாங்கி

மோட்டார் கொட்டகைச் சோலார் விளக்கின் பிளாஸ்டிக் தாங்கி வெயிலில் நொறுங்கி விழுந்துவிட்டால், இரவில் மடை மாற்றப் போகிறவருக்கு வரப்பில் கிடக்கும் பாம்பு தெரியாது. விளக்கு நன்றாக இருந்தால், தாங்கியை மட்டும் லேசர் வெட்டுக் கடையில் பிளைவுட்டில் செய்துகொள்ளலாம்.

பலகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.டி.எஃப். மலிவு, வெட்டும் சுத்தமாக வரும். ஆனால், மழையில் ஊறி உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அதன் பசை லேசருக்குச் சுலபத்தில் மசியாது. அதனால், 12 மி.மீ. பலகைக்குப் பதில் 6 மி.மீ. பலகையில் இரண்டு துண்டு வெட்டி, எபாக்சி பசையால் ஒட்டுவது நல்லது.

வெட்டிய விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். அங்குள்ள கரியை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காமல் பெயின்ட் அடித்தால் உரிந்துவிடும். பேனல் தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாயும்படி தாங்கியை வரைந்து கொடுத்தால், படியும் தூசியை மழையே கழுவிவிடும்.