விரல் நுனியில் ஒரு சிவப்பு ஒளி: பல்ஸ் ஆக்சிமீட்டரை அறிவோம்

நோயாளியின் படுக்கையருகே அமர்ந்திருக்கும் உறவினர்களின் பார்வை பெரும்பாலும் திரையில் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் எண்ணின் மீதே நிலைத்திருக்கும். 98 என்றால் நிம்மதி. 93 என்றால் பதற்றம். கோவிட் காலத்திற்குப் பின் விரலில் மாட்டும் இக்கருவி பல இல்லங்களுக்கும் வந்துவிட்டது. அந்த எண் எதைக் கூறுகிறது, எதைக் கூறுவதில்லை என்பதை அறிந்திருப்பது வீண் அச்சத்தைத் தவிர்க்கும். சில வேளைகளில் உயிரையும் காக்கும்.

எண்ணின் பொருள்

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். இதனைப் பேருந்தாகவும், ஆக்சிஜனைப் பயணியாகவும் கொள்வோம். மொத்த இருக்கைகளில் நூற்றுக்கு எத்தனை நிரம்பியுள்ளன என்பதே கருவி காட்டும் எண். உடல்நலம் உள்ளோர்க்கு இது பொதுவாக 95 முதல் 100 வரை இருக்கும். திரையில் தோன்றும் மற்றோர் எண் நிமிடத்திற்கான நாடித்துடிப்பு. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் படித்து அஞ்சுவோர் உண்டு.

ஊசியின்றி அளப்பது எவ்வாறு?

கருவியின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியும் விரலினூடே செலுத்தப்படுகின்றன. ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் அகச்சிவப்பு ஒளியை மிகுதியாக உறிஞ்சும். ஆக்சிஜன் குறைந்த இரத்தம் சிவப்பு ஒளியை மிகுதியாக உறிஞ்சும். மறுபக்கம் வந்து சேரும் இரு ஒளிகளின் விகிதத்தைக் கொண்டு கருவி கணக்கிடுகிறது.

ஆனால் தோல், தசை, எலும்பு, சிரைகளில் உள்ள இரத்தம் ஆகியவையும் ஒளியை உறிஞ்சுமே? இச்சிக்கலுக்கு 1970களின் தொடக்கத்தில் விடை கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி. வேறோர் ஆய்வுக்காகக் காதின் வழியே ஒளி செலுத்தி அளந்தபோது, நாடித்துடிப்பினால் எழுந்த அலைவுகள் அவருடைய அளவீட்டைக் குலைத்துக்கொண்டே இருந்தன. துடிப்போடு கூடிக் குறைவது தமனி இரத்தம் மட்டுமே. ஆகவே மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனியின் ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும் என்று அவர் உணர்ந்தார். தொல்லையாக வந்த துடிப்பே தீர்வாயிற்று.

உதடும் நகமும் நீலம் பாய்வது கண்ணுக்குத் தெரியும் முன்பே ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்துவிடக்கூடும். அதனை முன்கூட்டியே காட்டுவதால்தான் அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இக்கருவி இன்றியமையாததாயிற்று. கோவிட் நோயாளிகள் சிலர் மூச்சுத்திணறலை உணராமலேயே ஆக்சிஜன் குறைந்திருந்ததைக் கண்டறியவும் இதுவே துணைநின்றது.

எண் ஏமாற்றும் இடங்கள்

குளிர்ந்த கை, நடுக்கம், நகச்சாயம், அடர்ந்த மருதாணி ஆகியவை அளவீட்டைப் பிழையாக்கலாம். கருமையான தோலில் உண்மை அளவைக் காட்டிலும் கூடுதலான எண் தோன்றுவதுண்டு. அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, கருவி கண்டுகொள்ளாத ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டதாகத் தெரிவித்தது. திரையில் நல்ல எண் இருந்தும் மருத்துவர் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரத்தசோகையில் பேருந்துகளே குறைவு. ஆயினும் இருக்கைகள் நிரம்பியிருப்பதால் 99 என்றே காட்டும். மூடிய அறையில் கரியடுப்பு அல்லது ஜெனரேட்டர் புகையைச் சுவாசித்தவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இடம்பிடித்திருக்கும். கருவி அதனை ஆக்சிஜன் என்றே எண்ணிவிடும். இத்தகையோரை எண் எதுவாயினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வருதல் வேண்டும்.

இல்லத்தில் அளக்கும் முறை

ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். சாயமற்ற ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ கருவியை மாட்டி, கையை அசைக்காமல் வையுங்கள். எண் நிலைபெறும் வரை ஒரு நிமிடமேனும் பொறுத்திருந்து, நாளும் நேரமும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் அளக்கும் அதே கையில் அவ்வேளையில் மாட்ட வேண்டாம். இல்லக் கருவிகளில் இரண்டு மூன்று எண்கள் கூடக்குறைய வரலாம். ஆதலின் ஒரு தடவை கண்ட எண்ணைவிடத் தொடர்ந்து இறங்கும் போக்கே முக்கியம்.

மீண்டும் அளந்தும் 94 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மருத்துவரைத் தொடர்பு கொள்ளுங்கள். 90 அல்லது அதற்குக் கீழே எனில் தாமதியாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளோர்க்கு இவ்வளவுகள் பொருந்தா; அவர்களுள் பலருக்கு 88 முதல் 92 வரையே மருத்துவர் இலக்காக வைப்பார். எண் உயரட்டும் என்று குடும்பத்தினர் தாமாகவே ஆக்சிஜனைக் கூட்டினால், உடலில் கரியமில வாயு தேங்கி நோயாளி மயக்க நிலைக்குச் செல்லக்கூடும். உங்களுக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, உதட்டில் நீலம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், திரையில் 98 இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கருவியைப் பாருங்கள், அதற்கு முன் நோயாளியின் முகத்தைப் பாருங்கள்.