பனிக்கடல் பூதமும் போடிமெட்டு டீக்கடையும்!

பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் போடிமெட்டுக்கு வரணும். கடலுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா, போன மாசம் இங்கே ஒரு டீக்கடையில் காரசார விவாதம்... கடல் பூதத்தைப் பற்றி!

ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுற அண்ணன் ஒருத்தர் செல்லை நீட்டினார். "பாரு தம்பி, அண்டார்டிகாவுல மனுஷ முகத்தோட ஒரு ராட்சசனாம். நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே, நெசமா இது?"

பார்த்தேன். கறுப்புத் தண்ணி, அதுல வெள்ளையா ஏதோ ஒண்ணு. அவ்வளவுதான்!

விசாரிச்சா, சாரோட பேர் 'நிங்கென்'. ஜப்பானிய மொழியில் 'மனிதன்'னு அர்த்தம். 2000-களில் ஜப்பானில் கிளம்பின கதை. 20 முதல் 30 மீட்டர் நீளம், உடம்பெல்லாம் வெள்ளை, கண், வாய், கைகூட உண்டாம். பார்த்தது யார்? திமிங்கில ஆராய்ச்சிக் கப்பல் ஊழியர்களாம். ஆனா, ஒரு எலும்பு கிடைச்சதில்லை. நம்புற மாதிரி ஒரு போட்டோவும் இல்லை. பனிக்கட்டி மிதக்கிற இருட்டுக் கடலில் வெள்ளையா எது தெரிஞ்சாலும் நம்ம மூளை அதுக்குக் கண்ணு, மூக்கு வெச்சிடும். போடிமெட்டுப் பனிமூட்டத்துல பாறை யானையா தெரியுதே, அதே கதைதான்!

நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. வடமொழிப் புராணங்களில் 'திமி'ன்னா ராட்சத மீன். அதை விழுங்குறது திமிங்கிலம். அதையும் விழுங்குறது திமிங்கிலகிலம்! அந்தக் கற்பனைப் பேரைத்தான் இன்னிக்கு நிஜ விலங்குக்கு வெச்சிருக்கோம்.

சரி, அண்டார்டிகா கடலில் நிஜ ராட்சசர்களே இல்லையா? இருக்காங்க! 'கொலோசல் ஸ்க்விட்' என்ற ராட்சதக் கணவாய்க்கு 1925-ல் பேர் வெச்சாங்க. ஆதாரம், ஒரு திமிங்கிலத்தின் வயிற்றில் கிடைத்த அதன் கைகள் மட்டும்தான். 2007-ல் 495 கிலோவில் ஒண்ணு மீனவர்களிடம் சிக்கியது. ஆழ்கடலில் அது உயிரோடு நீந்துறதைப் படம் பிடிச்சது 2025-ல்தான். அதுவும் 30 சென்டிமீட்டர் குட்டி!

இதையெல்லாம் மிஞ்சின ஆள், நீலத்திமிங்கிலம். ஏறக்குறைய 30 மீட்டர் வரை வளரும். கிட்டத்தட்ட மூணு பஸ் நீளம். ஆனா, சாப்பிடுறது விரல் நீளம்கூட இல்லாத 'கிரில்' என்ற கூனி மாதிரி உயிர். பாவம், அதை விட்டு வெச்சோமா? சோப்புக்கும் மார்கரினுக்கும் எண்ணெய் வேணும்னு, 20-ம் நூற்றாண்டில் பூமியின் தென்பாதிக் கடல்களில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல் கொன்னிருக்காங்க. 1966-ல்தான் வேட்டைக்குத் தடை வந்தது. இன்னிக்கு அண்டார்டிகாவில் மிச்சம் இருக்கிறது சில ஆயிரம். பூதத்தைப் பார்த்ததா கதை கிளம்பினதும் திமிங்கிலத்தைத் தேடிப் போன கப்பலில் இருந்துதான்!

அடுத்த வாரம் அதே டீக்கடை. எல்லாத்தையும் அண்ணன்கிட்ட ஒப்பிச்சேன். டீ ஆறுற வரைக்கும் பேசாம இருந்தவர், "மூணு லட்சமா?"ன்னார். அப்புறம் செல்லை எடுத்தார்.

"இதை அப்படியே எழுதி அனுப்பு தம்பி. அந்த வீடியோவை நாப்பது பேருக்கு அனுப்பிட்டேன். இதையும் அவங்களுக்கு அனுப்பணும்ல!"