ஒன்ராறியோ ஏரியின் நீள்வால் வாத்து

மாரிகாலத்தில் ஒன்ராறியோ ஏரி வெறிச்சோடிக் கிடக்கும் என்பது எம்மவர் பலரின் எண்ணம். இந்நாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற மாசி மாதத்தில் மாணவர்களுடன் ரொறன்ரோவின் ஹம்பர் குடாவுக்குச் சென்றபோதே அவ்வெண்ணம் கலைந்தது. குளிர்நீரில் கூட்டங்கூட்டமாக மிதந்தவை நீள்வால் வாத்துகள். அவற்றின் ஓயாத கூவல் கரைவரை கேட்டது.

ஆண் வாத்தை இனங்காணல் எளிது. மாரியில் அதன் தலையும் கழுத்தும் வெண்மையாயிருக்கும். கண்ணைச் சூழச் சாம்பல் நிறம், கன்னத்தின் கீழே கரிய திட்டு, கருஞ்சொண்டின் நடுவே இளஞ்சிவப்புப் பட்டை. வாலின் நடு இறகுகள் இரண்டும் ஊசிபோல் நீண்டிருக்கும். பெண்ணுக்கு அந்த நீண்ட வால் இல்லை. இங்கேதான் நாம் இடறினோம். கபிலமும் வெள்ளையுமாகத் தெரிந்த பெண் வாத்தை வேறோர் இனமென்று விளக்கத் தொடங்கிவிட்டோம். "சேர், அது பறக்கேக்க செட்டையைப் பாருங்கோ" என்றாள் மாணவி ஒருத்தி. இவ்வேரியில் மாரியைக் கழிக்கும் வாத்துகள் பலவற்றின் இறக்கையில் வெண்மை உண்டு. நீள்வால் வாத்தின் இறக்கையோ முழுவதும் கருமை. அவள் கூறியதே சரி.

கரையோரத்துப் பச்சைத்தலை வாத்து தலையை மட்டும் நீருட் கவிழ்த்து மேயும். நீள்வால் வாத்து முற்றாக மூழ்கி மறையும். எமது ஊர்க்குளத்து முக்குளிப்பானின் இனமோ என்று உடன்வந்த தந்தையார் ஒருவர் வினவினார். செயல் ஒன்றே, குலம் வேறு, முக்குளிப்பான் வாத்தன்று. மூழ்கும் வாத்துகளிற் பெரும்பாலானவை கால்களால் மட்டுமே உந்திச் செல்லும். இதுவோ இறக்கைகளையும் சற்று விரித்து நீரைத் தள்ளும். 60 மீற்றர் ஆழம்வரை செல்லவல்லது. சிப்பிகளும் சிறு நீருயிர்களும் இதன் உணவு. வேனிலில் வடதுருவப் பகுதிக்குச் சென்று கூடுகட்டும்.

1758இல் லின்னேயஸ் இதற்கிட்ட இலத்தீன் பெயரில் 'மாரிக்குரியது' என்னும் பொருள் உண்டு. வட அமெரிக்க நூல்களிலோ நெடுங்காலம் 'ஓல்ட்ஸ்குவா' என்றே வழங்கிற்று. 'ஸ்குவா' என்பது இந்நாட்டு முதற்குடிப் பெண்களை இழித்துரைக்கும் சொல். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் அப்பெயரைக் கைவிட்டு, பிரித்தானியாவில் வழங்கிவந்த 'நீள்வால் வாத்து' என்னும் பெயரை ஏற்றது.

எமது வகுப்பிலுள்ள பழைய கையேட்டில் முன்னைய பெயரே இருந்தது. எம் பெயர்களையும் பிறர் சிதைத்து அழைக்கக் கேட்டவர்கள் நாம். ஆயினும் நூலை எறிய மனம் வரவில்லை. அம்மாணவியே அப்பெயரை ஒரு கோட்டால் வெட்டி, அருகில் 'நீள்வால் வாத்து' என்று தமிழில் எழுதினாள். ளகரத்தை மட்டும் இருமுறை அழித்தெழுத நேர்ந்தது.