உங்களுக்குத் தெரியுமா? வகுப்பறையில் திரையும் கவனமும்

● 2017 ஜனவரி 16. ஜல்லிக்கட்டு நடத்த அனுமதி கேட்டு மதுரையை அடுத்த அலங்காநல்லூரில் இளைஞர்கள் உட்கார்ந்தார்கள். வாட்ஸ்ஆப்பிலும் ஃபேஸ்புக்கிலும் செய்தி பறந்தது, மெரினா நிரம்பியது. 21ஆம் தேதி அவசரச் சட்டமே வந்துவிட்டது! போனின் பலத்தை அலங்காநல்லூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படிக்கிற பிள்ளையின் பக்கத்தில் அது சும்மா கிடந்தால்?

● அதற்கான பதிலை அதே 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 800 பேரை வைத்துச் சோதனை. போனை வேறு அறையில் விட்டுவந்தவர்கள், மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். இத்தனைக்கும் எல்லாப் போனும் சைலண்டில் இருந்தது. 'எடுக்கக் கூடாது' என்று மனசை அடக்குவதற்கே மூளை கொஞ்சம் செலவாகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

● கிராமப்புற இந்தியாவின் கல்வி நிலை பற்றிய அசர் 2024 அறிக்கைப்படி, 14 முதல் 16 வயதுக்காரர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும். முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதை எடுத்ததாகச் சொன்னவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காக எடுத்தவர்கள் 76 விழுக்காடு.

● தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் கோடு உண்டு. ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும். பல வகுப்புகளில் அது ஓடுவது ஆசிரியரின் சொந்தப் போனில்தான். இதயம் ரத்தத்தை எப்படித் தள்ளுகிறது என்று பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும்போது, 'குட் மார்னிங்' ரோஜாப்பூ ஒன்று மேலிருந்து இறங்கும். வகுப்பே சிரிக்கும், இதயம் போயே போச்சு. அரசின் கல்விச் செயலியான திக்‌ஷாவில் வீடியோவை முதல் நாளே இறக்கிவைக்கலாம். ஏரோபிளேன் மோடில் போட்டுக் காட்டினால் ரோஜாப்பூ வராது.

● வகுப்பறைக்குள் புதிய கருவி நுழைவது ஒன்றும் புதுசில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் புத்தகமாக்கினார். இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் மணல் தட்டு நுழைந்தது அப்படித்தான்.

● மனசை ஒருநிலைப்படுத்த இடம் கொடுப்பது மதுரைக்காரர்களுக்குப் பழைய வழக்கம். அலங்காநல்லூருக்குக் கிழக்கே, கிடாரிப்பட்டியை ஒட்டிய அழகர்மலைக் குகையில் சமணத் துறவிகளுக்கான கல்படுக்கைகள் இருக்கின்றன. அங்குள்ள தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துகளில் உப்பு வணிகர், பாகு வணிகர், கொழு (ஏர்முனை) வணிகர் எனக் கொடையாளிகள் பெயர் வெட்டியிருக்கிறது. வயது ஈராயிரம் ஆண்டு இருக்கும்.

● டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' தொடங்கியது. கண்ணை மூடி, மூச்சு வந்து போவதைச் சில நிமிடம் கவனித்த பிறகே அந்த வகுப்பு ஆரம்பமானது. அதற்காக மூச்சுப் பயிற்சி சர்வரோக நிவாரணி ஆகிவிடாது. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. மனநலத்தைப் பொறுத்தவரை, வழக்கமான வகுப்புகளைவிட இதுபோன்ற கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) கூடுதல் பலன் தரவில்லை என்றது முடிவு. பல பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை!

● பசித்த வயிற்றோடு எந்தப் பிள்ளையும் மூச்சைக் கவனிக்காது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது மதுரையில்தான். உப்புமாவும் பொங்கலும் கவனப் பயிற்சியின் முதல் பாடம்.

● கண் மருத்துவர்கள் அடிக்கடி சொல்லும் 20-20-20 கணக்கு தெரியுமா? 20 நிமிடம் திரை பார்த்தால், 20 அடிக்கு அப்பால் உள்ள பொருளை 20 விநாடி பார்க்க வேண்டும். அலங்காநல்லூர்ப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் போதும். நெல்லும் கரும்பும் தென்னையும் 20 அடிக்கு அப்பால் தயாராக நிற்கும். கண்ணுக்கும் ஓய்வு, மனசுக்கும் ஓய்வு.

● கவனம் சிதறுவது பிள்ளைகளுக்கு மட்டுமா? வருகைப்பதிவு தொடங்கிப் பல விவரங்களை பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றுவதிலேயே பாட நேரம் கரைகிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் புகார். சார் போனைக் குனிந்து பார்த்தால், கடைசி பெஞ்சு சும்மா இருக்குமா?

● தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. படம் முடிந்ததும் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேச வேண்டும், எழுத வேண்டும். பாட வீடியோவுக்கும் இதையே செய்து பார்க்கலாம்: ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், "என்னப்பா பாத்தீங்க?" என்று கேளுங்கள். பதில் வந்தால் மிச்சத்தை ஓட்டலாம். வராவிட்டால் சாக்பீஸை எடுத்துவிடுங்கள்!