நிலத்தடி நீர் – 6: கருங்கல் பூமியில் போர் போடும்போது

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் சமவெளி பெரும்பாலும் நைஸ் என்ற வரியோடிய உருமாற்றப் பாறையின்மேல் அமைந்தது. மலைகளில் சார்னோகைட் என்ற பாறை மிகுதி. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு இத்தகைய கடினப் பாறைதான். காவிரிப் படுகையின் வண்டலில் மணலுக்கு மணல் இடைவெளி உண்டு. நீர் அதில் தங்கும். வெடிப்பு விழாத கருங்கல்லில் அந்த இடைவெளி நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆகவே கொங்கு நாட்டில் போர் போடுபவருக்கு வேண்டியது பாறை மட்கிய இடமும் வெடித்த இடமும்தான்.

மேலே செம்மண் அல்லது கரிசல். அதன்கீழ் பல இடங்களில் சுக்கான்கல். பிறகு வருவது மட்கிய பாறை. கையில் எடுத்து நெரித்தால் பருமணலாக உதிரும். இதன் கனம் ஓரிடத்தில் சில அடி, இன்னோரிடத்தில் நூறடியை நெருங்கும். மழைநீர் சேர்ந்து நிற்பது இதில்தான். தலைமுறை தலைமுறையாகத் திறந்த கிணறுகள் இறைத்ததும் இந்த நீரையே. அடியிலுள்ள கெட்டிப்பாறையின் வெடிப்புகள் நீரைக் கடத்துமே தவிர, அதிகம் சேர்த்து வைக்காது. மட்கிய பகுதி தொட்டி என்றால் வெடிப்பு குழாய். தொட்டி வறண்ட கோடையில், நன்றாக ஓடிய போரும் காற்றைத்தான் இழுக்கும்.

வரியோடிய நைஸ் பொதுவாக ஆழமாக மட்கும். சார்னோகைட் இறுக்கமானது, அவ்வளவு எளிதில் மட்காது. வெங்கச்சங்கல் ஓடிய இடங்களில் பாறை நொறுங்கியிருந்தால் நீர் கிடைக்கலாம். டோலரைட் என்ற கறுப்புக்கல் சுவர்போல் குறுக்கே எழுந்திருந்தால், ஒரு பக்கம் நீர் தேங்கி மறுபக்கம் வறண்டு கிடக்கும். பக்கத்து வீட்டில் கிடைத்த ஆழத்தை நம்பி இறங்குவோர் ஏமாறுவது இதனால்தான். மின்தடை ஆய்வு இங்கே உதவும்: ஈரமுள்ள மட்கிய பாறையில் மின்சாரம் எளிதாகப் பாயும், காய்ந்த கெட்டிப்பாறையில் பாயாது. இது ஊற்றை உறுதி செய்யாது. வீண் துளைகளைக் குறைக்கும்.

துளையிடும்போது வெளிவரும் தூளைக் கவனிக்க வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆறரை அங்குலத் துளை போட்டு, கம்ப்ரசர் காற்றால் தூளை மேலே தள்ளுகின்றன. சாம்பல் நிறப் புழுதி ஒரே சீராகப் பறந்தால் கீழே உடையாத பாறை. சில்லுகளின் முகத்தில் துருவேறிய பழுப்புக் கறை தெரிந்தால், அவ்வழியே நீர் நடந்திருக்கிறது. ராடு சட்டென்று இறங்கினால் அது ‘கேப்’, அதாவது வெடிப்பு. அதில் நீர் இருந்தால் புழுதி அடங்கிச் சேறாக மாறும். பத்தடிக்கு ஒரு கைப்பிடி சில்லு எடுத்து வரிசையாக வைத்தால், மனையின் கீழ் உள்ள அடுக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். இந்தச் சிறு வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. மோட்டாரை எந்த ஆழத்தில் இறக்குவது என்று பின்னர் திண்டாடுகிறார்கள்.

ஆழம் கூடக் கூட, மேலிருக்கும் பாறையின் பாரத்தால் வெடிப்புகள் இறுகும், எண்ணிக்கையும் குறையும். ஆயிரம் அடியில் நீர் கண்ட போர்களும் உண்டு, ஆனால் அவை விதிவிலக்கு. ஆறரை அங்குலத் துளையில் ஓர் அடிக்கு ஆறரை லிட்டர்தான் நிற்கும். ஊற்றில்லாமல் இன்னும் நூறடி இறக்கினால் கூடுவது 650 லிட்டர் கொள்ளளவு மட்டுமே. நூற்றுக்கணக்கான அடிகள் தொடர்ந்து புழுதியே வந்தால் நிறுத்துவதுதான் சரி.

கேசிங் பைப் மட்கிய பகுதியைக் கடந்து கெட்டிப்பாறைக்குள் சில அடி ஊன்ற வேண்டும். பணம் மிச்சமென்று குறைத்தால் மண் சரிந்து மோட்டார் சிக்கும். பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமென்ட் கலவையால் அடைக்காவிட்டால், செப்டிக் டேங்க் கசிவு நேராக உள்ளே இறங்கும்.

கருங்கல் நீரில் கண்ணுக்குத் தெரியாத புளோரைடு கரைந்திருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் இது நெடுநாள் பிரச்சினை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த நீர் குடிக்க ஏற்றதல்ல. புதுப் போரின் நீரைக் குடிக்கத் தொடங்கும் முன் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.